எங்கள் அம்மாவும் வெற்றிலைத் தட்டத்துச் சீனக் குளிசையும்

எங்கள் அம்மா சாந்தமே உருவானவர், பொறுமையின் இருப்பிடம், எவரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதிவிட்டேன். அத்தனையும் உண்மை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதுவது அம்மா அல்ல, அவருடைய மூத்த மகள். எனக்கு அந்தக் குணங்களில் ஒன்றுகூட வாய்க்கவில்லை என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்லிவருகிறீர்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அம்மா புங்குடுதீவில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. படிப்பில் கெட்டிக்காரி என்று மாமாமார் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் படிப்பை இடப்பெயர்வு பாதியில் நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையில் பல குடும்பங்களோடு தங்கியிருந்த காலத்தில், பின்வளவில் மூட்டிய பொது அடுப்புக்கு அம்மாவைப் பொறுப்பாக விட்டார்கள். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. பெரிய கிடாரத்தில் சோறு வடிப்பதையும், பருப்பு அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதையும், யாருக்கும் போதாமல் போகாதபடி அளந்து பரிமாறுவதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். ஊருக்கே சமைக்கும் கை அவருக்கு அப்படி வந்தது.

அப்பாவைக் கைப்பிடித்ததும், அப்பா முதலில் இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்ததும், பின்னர் அம்மாவும் நானும் வந்து சேர்ந்ததும், தம்பி இங்கேயே பிறந்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. பிரான்காச்சோவில் அரசாங்கத் தொடர்மாடியில் எங்கள் வீடு. அப்பா மாடிக்கட்டடங்களில் படிகள் துடைத்தார். அம்மா பொலிதேயாமா பகுதியில் ஒரு வயோதிப இத்தாலியப் பெண்மணியின், சிஞ்ஞோராவின், வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவதே ஒரு வேலை.

அந்த நாட்களில் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, இத்தாலிக்கு வந்தார். அழைப்பித்தது அப்பா. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கைக்கு வரும்வரை எங்கள் வீட்டுக் கூடத்துச் சோபாவில்தான் படுத்தார். அதற்காகக் கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் அவரோடு வரிசையில் நின்றவர் அம்மா. மூன்று வேளையும் அம்மாவின் சாப்பாடு. அம்மா சாப்பிடுவதற்கு முன்னால் அவருடைய சாப்பாட்டுக் கோப்பை நிறைந்திருக்கும். அக்காலத்தில் அவருக்கு ஒருநாள்கூட வயிறு குத்தியதாக எனக்கு நினைவில்லை.

அப்பா இறந்து எங்களை விட்டுப் போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அம்மா அழுது முடிக்குமுன்னே கரண்டியைத் தூக்கவேண்டி வந்தது. சிஞ்ஞோரா வீட்டு வேலையோடு, பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குச் சமைக்கத் தொடங்கினார். கபோ சந்தையில் மரக்கறிக்காரன் அம்மாவைக் கண்டதும் நல்ல கத்தரிக்காயை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பான். அம்மாவின் ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் கத்தரிக்காய்ப் பால்கறியையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டவர்கள்தான் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்கள் மனச்சாட்சியைக் கேட்டுப்பாருங்கள்.

கொண்டாட்டங்களுக்கு வேண்டிய அலுமினியத் தட்டுகளும் காகிதக் கோப்பைகளும் வாங்க அம்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கடைக்குப் போவார். அந்தக் கடைக்காரப் பெண்ணை அம்மா சீன அக்கா என்றுதான் சொல்வார். இருவருக்கும் இத்தாலிய மொழி அரைகுறை. ஆனால் அவர்கள் கதைக்கத் தொடங்கினால் நான் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவேன். ஒருநாள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏவறையும் ஏப்பமுமாக நின்றதைக் கண்டு, சீன அக்கா கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உள்ளே மிளகளவில் கறுத்த உருண்டைகள். மென்று விழுங்கச் சொன்னார். அன்றைக்குப் பின்னேரமே அம்மாவின் பொருமல் இறங்கிவிட்டது.

அம்மா எதையும் சும்மா விழுங்குகிறவர் அல்லர். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக் குடைந்திருக்கிறார். அடுத்த முறை போனபோது சீன அக்கா ஒவ்வொன்றையும் காகிதத்தில் பரப்பிக் காட்டினார். சிவந்த சின்னப் புளிப்புப் பழத்தின் காய்ந்த துண்டுகள். அது இறைச்சி தேங்கினால். முள்ளங்கி விதை, மாப்பண்டம் தேங்கினால். கோதுமையோடு வேறு சிலதும் சேர்த்துப் புளிக்கவைத்துக் காயவைத்த ஒரு கட்டி, பழஞ்சாப்பாடும் சாராயமும் தேங்கினால். காய்ந்த தோடம்பழத் தோல், மந்தம் விலக. பைன் மரத்து வேரில் விளையும் ஒருவகைக் காளானும், பெயர் விளங்காத இன்னும் ஒன்றிரண்டும். சீனாவில் மிகப் பழைய மருந்தாம். அதன் பெயருக்கு, உள்ளுக்குள் இணக்கத்தைக் காக்கும் குளிசை என்று கருத்தாம்.

“எங்கடை ரசம் மாதிரித்தான் பிள்ளை. அவை உருட்டி வைச்சிருக்கினம், நாங்கள் கரைச்சுக் குடிக்கிறம். வேறை ஒண்டுமில்லை” என்றார் அம்மா வீட்டுக்கு வந்து.

வயிறு வெறுமையாக இருக்கும்போது எடுக்கக்கூடாது, நாள்தோறும் எடுக்கக்கூடாது, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கவே கூடாது என்று சீன அக்கா சொன்னதை எல்லாம் அம்மா அப்படியே பிடித்துக்கொண்டார். செமியாக்குணத்தோடு வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று உருண்டை கொடுப்பார். எத்தனை பேர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிப் போனீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அம்மா செய்த ஒரே பிழை இனித்தான் வருகிறது. பிழை என்று நான் சொல்லவில்லை. எங்கள் சனம் அப்படி ஆக்கியது.

ஒரு கலியாண வரவேற்புக்கு அம்மா மத்தியானச் சாப்பாடு செய்துகொடுத்தார். எங்கள் ஆட்கள் வரவேற்பில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று தெரிந்தவர், சாப்பாட்டு மேசையின் முடிவில் வெற்றிலைத் தட்டத்தை வைத்து, பாக்குக்கும் கற்கண்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்தச் சீனக் குளிசைகளையும் வைத்தார். வயிறு முட்டச் சாப்பிட்டவர்களுக்கு வெற்றிலை எதற்கோ அதற்குத்தான் குளிசையும். அம்மாவின் மனதில் இருந்தது அவ்வளவுதான். அன்றைக்கு அதை எடுத்துச் சப்பியவர்கள் நல்லாயிருக்கிறது என்று பொட்டலம் கட்டியும் கொண்டுபோனார்கள்.

அன்று பின்னேரம் சித்தப்பாவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. சித்தி எனக்குப் போன் பண்ணினார். நான்தான் அவரைப் புரொந்தோ சொக்கோர்சோவுக்கு, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்த்ததும் நான்தான். ஆகவே அங்கே நடந்ததை எவரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இளம் பெண் வைத்தியர் ஒருவர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

“ஒரு கோப்பை சோறும் ரெண்டு துண்டு இறைச்சியும் எண்டு சொல்லு” என்றார் சித்தப்பா.

“பொய் சொல்லாதேங்கோ. நாலு தரம் போட்டுச் சாப்பிட்டவர். சாராயப் போத்திலும் பாதிக்கு மேலை முடிஞ்சுது” என்றார் சித்தி. சித்தி என்னை மன்னிக்கவேண்டும். அன்றைக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

நான் இரண்டையும் மொழிபெயர்த்தேன். வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வரவேற்பு முடிந்தபோது என் கைப்பையில் எடுத்துப் போட்டிருந்த குளிசைப் போத்தலையும் காட்டினேன். வைத்தியர் அதில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, இதில் எவ்வளவு எடுத்தார் என்று கேட்டார்.

“கண்டறியாத சீன மருந்து. நான் உதைத் தொடவே இல்லை” என்றார் சித்தப்பா.

தொடவே இல்லை என்றார். இதை நான் மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு அவர் கோயிலில் சொன்னது வேறு. சோதனைகள் எல்லாம் முடிந்தபின் வைத்தியர் சொன்ன முடிவு இது: அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டு அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறார், வேறு ஒன்றும் இல்லை. சாப்பாட்டில் பிழை இருந்திருந்தால் அந்தக் கலியாணத்துக்கு வந்தவர்களால் இந்த நடைவழி நிறைந்திருக்கும், இவர் ஒருவர்தானே வந்திருக்கிறார் என்றும் சொன்னார். சொல்லுக்குச் சொல் தமிழில் அவருக்குச் சொன்னேன். தலையாட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் சித்தப்பாவைச் சுற்றி ஒரு கூட்டம். அண்ணியின் சாப்பாடு நஞ்சாகிவிட்டது என்று வைத்தியர் சொன்னாராம். அதற்கு மேல் அந்தச் சீனக் குளிசையும் போட்டதால் உயிர் தப்பியதே பெரிய காரியமாம்.

“சாப்பாட்டிலை பிழை எண்டு அண்ணிக்கே தெரியும். இல்லாட்டி வெத்திலைத் தட்டத்திலை ஏன் குளிசையை வைக்கிறா? யோசிச்சுப் பாருங்கோவன்” என்றார்.

யோசித்துப் பார்த்தீர்கள். யோசித்துப் பார்த்து நம்பினீர்கள். சமைத்தவளே மருந்தும் வைத்தால் அவள் சமையலில் ஏதோ இருக்கிறது என்ற கணக்கு எங்கள் சனத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. வெற்றிலையையும் செமிக்கத்தான் வைக்கிறோம் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்களுக்கும் வரவில்லை.

நான் கொதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலிலே நின்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் சொல்லப்போகிறேன் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வாயைத் திறக்கக்கூடாது. அவர் கொப்பாவின்ரை தம்பி.”

“அதுக்கு? உங்கடை பேர் போகுதம்மா.”

“என்ரை பேர் போனால் என்னோடை போகட்டும். கொப்பாவின்ரை குடும்பம் சந்தி சிரிக்கக் கூடாது. நான் உயிரோடை இருக்குமட்டும் நீ கதைக்கக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணினேன். அந்தச் சத்தியம் எதுவரைக்கும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். நான் அதை ஒருநாளும் மீறவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் அம்மாவிடம் சமையல் கேட்டு வரவில்லை. சிலர் கேட்டதைத் திரும்பப் பெற்றார்கள். கோயில் அன்னதான மடத்தில் வெள்ளி தவறாமல் மரக்கறி வெட்டி, குழம்பு கூட்டி வந்தவரிடம் நிர்வாகத்தில் இருந்து ஒருவர் வந்து, “அக்கா, உங்களுக்கும் வயசு போகுது. இனிப் பூக் கட்டுங்கோவன்” என்றார். அம்மா சிரித்துக்கொண்டு போய்ப் பூக் கட்டினார். மடத்துக் கதவுப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காக, தூணுக்கு மறுபக்கமாக இருந்து கட்டுவார். நான் அதைக் கண்டேன். கண்டதை மறக்க மாட்டேன்.

ஆறேழு மாதத்துக்குள் சித்தப்பா ஒரு சமையல் குழு தொடங்கினார். அம்மாவிடம் வந்துகொண்டிருந்த கொண்டாட்டங்கள் எல்லாம் அவரிடம் போயின. இதற்கு மேல் நான் விளக்கம் எழுதத் தேவையில்லை. நீங்கள்தான் யோசிக்கத் தெரிந்தவர்கள்.

அம்மா அதன்பின் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சமைக்கவில்லை. எங்கள் மூவருக்கு மட்டும் சமைத்தார். அதிலும் உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடத் தொடங்கினார். கிடாரம் கிடாரமாகச் சமைத்த மனிசி, மூன்று பேருக்கு வைத்த சாம்பாரைக் கரண்டியில் எடுத்து, “பிழை ஒண்டும் இல்லையே பிள்ளை?” என்று கேட்டார். சித்தப்பா அம்மாவிடமிருந்து எடுத்தது கொண்டாட்டங்களை மட்டும் அல்ல.

பின்னர் இதயத்தில் வருத்தம் வந்தது. அம்மா வைத்தியரிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. சீனக் குளிசையைப் பற்றியும் சொன்னார். இதய மருந்தோடு வேறு மருந்துகளைக் கலக்கவேண்டாம் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அம்மா அதைத் தொட்டதே இல்லை. சீன அக்காவும், வைத்தியர் சொல்வதைக் கேள் என்றுதான் சொன்னார். கடைசி நாட்களை ஆஸ்பத்திரியில் கழித்தார். தம்பியும் நானும் மாறி மாறி இருந்தோம். ஒரு காலை, தம்பி முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அமைதியாகக் கண்ணை மூடினார். இதயம் நின்றது என்பதே வைத்தியர்கள் சொன்ன காரணம்.

செத்தவீட்டில், அம்மா இன்னும் கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கும்போதே, அடுத்த அறையில் சித்தப்பாவின் குரல் கேட்டது.

“உந்தச் சீனக் குளிசையாலைதான் போனவ. நான் அப்பவே சொன்னனான்.”

அந்த நிமிடத்தில்தான் இந்தக் கட்டுரை எழுதப்பட்டது. பேனா எடுத்தது மட்டும் பிறகு.

தகனம் முடிந்த அடுத்த கிழமை சீன அக்கா கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் படத்துக்கு முன்னால் மூன்று தரம் குனிந்தார். தேத்தண்ணீர் குடித்தபடி, உன் சித்தப்பாவுக்கு இனி நான் மருந்து கொடுக்கலாமா என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார்: சித்தப்பா பல வருடமாக அந்தக் கடைக்கு வருகிறார். அதே கறுத்த குளிசையை வாங்குகிறார். பெரிய விருந்துகள் வரும் மாதங்களில் இரண்டு மடங்கு வாங்குகிறார். கொஞ்சம் தனக்கு. மிச்சத்தை அவருடைய சமையல் குழு ஆட்கள், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு வயிறு ஊதினவர்களுக்குச் சொந்தக்கை மருந்து என்று சொல்லிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். போத்தலைக் கடையிலேயே எறிந்துவிட்டுக் குளிசையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போவார் என்றார்.

“அம்மாவுக்கு இது தெரியுமோ?” என்று கேட்டேன்.

“தெரியும். ஆரம்பத்திலேயே தெரியும். அவருக்குக் கொடு, நான் அறிந்ததாகக் காட்டாதே, வெட்கப்பட்டு வராமல் விட்டால் வயிற்று நோ தாங்கமாட்டார் என்று சொன்னாள்.”

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்கவேண்டும் என்று நினைப்பீர்கள். இளகவில்லை. சித்தப்பாவின் காகிதத்தில் அது சொந்தக்கை மருந்து. அம்மாவின் தட்டத்தில் அது நஞ்சு. தூணுக்குப் பின்னால் இருந்து பூக் கட்டிய அத்தனை வெள்ளிக்கிழமைகளிலும் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை போதும், அடுத்த நாளே மடத்தில் கரண்டி அம்மாவின் கைக்குத் திரும்பி வந்திருக்கும். அம்மா சொல்லவில்லை. அம்மா மன்னித்துவிட்டார். அது அம்மாவின் விருப்பம். நான் மன்னிக்கவில்லை. இது என் விருப்பம்.

இந்த மலரில் சித்தப்பா எழுதித் தந்த அஞ்சலியும் இருக்கிறது. ஒரு எழுத்தையும் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம். அண்ணியின் கைப்பக்குவத்துக்கு ஈடு இணை இல்லை, அந்தக் கையால் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது என்று அவரே தன் பெயர் போட்டு எழுதியிருக்கிறார். அதையும் இதையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எந்த இடத்தில் அவர் பொய் சொன்னார் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இன்றைக்கு அந்தியேட்டிக் கிரியை. அம்மாவின் கடனை முடித்து, நன்றி சொல்லவேண்டிய நாள்.

அம்மாவை நோயில் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கிரியைகளை நிறைவேற்றித் தந்த ஐயாவுக்கும், கைத்தடியோடு செத்தவீட்டுக்கு வந்து அம்மாவின் காலைத் தொட்டு அழுத சிஞ்ஞோராவுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்த சீன அக்காவுக்கும், கண்ணீர் அஞ்சலி ஒட்டியவர்களுக்கும், தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்றைய மத்தியானச் சாப்பாட்டைத் தம்பியும் நானும் அம்மா சமைத்த விதத்திலேயே சமைத்திருக்கிறோம். பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

கடைசியாக நன்றி சொல்லவேண்டியவர் சித்தப்பா. போன கிழமை வீட்டுக்கு வந்து, அச்சகத்திலிருந்து வந்திருந்த பெட்டிகளைக் கண்டார்.

“உதை நான்தான் வாசல்லை நிண்டு குடுப்பன். அண்ணன் இல்லாத வீட்டிலை மூத்த ஆம்பிளை நான். நாலு சனம் பாக்கவேணும்.”

“ஓம் சித்தப்பா. என்ன எழுதியிருக்கிறன் எண்டு ஒருக்கால் பாக்கேல்லையோ?”

“நீ எழுதினால் வடிவாத்தான் இருக்கும். கண்ணாடியும் கொண்டரேல்லை.”

ஆகவே இந்த மலரை வாசலில் நின்று, இரண்டு கையாலும் உங்களுக்குத் தந்தவர் அவரேதான். இன்றைக்கும் கண்ணாடி கொண்டுவந்திருக்க மாட்டார். உங்களில் யாராவது ஒருவர் எழுந்து போய் இதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினால், நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருப்போம்.

மூத்த மகள்
பலெர்மோ